ஓய்வில்லத்தில் ஒரு பல் டாக்டர்

வருடக் கடைசி விடுமுறையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று நான் முடிவெடுத்தேன்.

எங்கள் வீட்டில் முடிவுகளை எடுப்பவள் என் மனைவி. நான் எடுப்பது பல். ஆகவே இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆமாம், நான் பல் டாக்டர். கிளினிக்கில் எல்லோரும் என் முன்னால் வாயைத் திறப்பார்கள். ஆனால் பேச முடியாது. வீட்டில் நான் வாயைத் திறப்பேன்; ஆனால் பேச முடியாது. என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தாழ்த்தினால்தான் ஆபத்து. அவள் மெல்ல "ஏங்க" என்றால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்கூட உறுமுவதை நிறுத்திவிடும்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் டாக்டர் சங்கம் அனுப்பிய ஒரு துண்டுப் பிரசுரத்திலிருந்து. 'மருத்துவத் துறையினரே! விடுமுறையில் உங்களையும் கொஞ்சம் கவனியுங்கள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊராரைக் கவனித்துக் கவனித்து நாம் தேய்ந்துவிடுகிறோமாம். நன்றாகத் தூங்க வேண்டுமாம். முக்கியமாக, 'இல்லை' என்று சொல்லப் பழக வேண்டுமாம். கிளினிக்கில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, நோயாளி நாற்காலியில் நானே சாய்ந்துகொண்டு, தலைக்கு மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் ஒரு காரணம்.

அன்று சாப்பாட்டு மேஜையில் என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்க கிளினிக் ஒரு வாரம் மூடியிருக்கும்ல? எனக்கும் லீவு கொடுத்துட்டாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

"ஆமா. வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சிடலாம்."

"ஆள் சொல்லிட்டியா?"

"ஆள் எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே."

"நான் பல் டாக்டர்ம்மா!"

"தெரியும். இத்துனூண்டு பல்லுக்கே பாத்துப் பாத்து வெள்ளையடிக்கிறவருக்கு, சுவர் அடிக்கிறது கஷ்டமா?"

பிரசுரம் ஞாபகம் வந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். 'இல்லை' என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன்.

"இ..." என்றேன்.

"என்ன இ?"

"இளம்பச்சை நல்லா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு பிசியோவைப் படிக்கட்டில் பிடித்தேன். அவர் கை கால் வலிக்கு உடற்பயிற்சி வைத்தியம் செய்பவர். அவரிடம் நொண்டிக்கொண்டு போகிறவர்கள் ஓடிவந்துவிடுவார்கள். குணமாகி ஓடி வருகிறார்களா, அவர் கைக்குப் பயந்து ஓடி வருகிறார்களா என்பது இன்றுவரை தெரியவில்லை. அவர் மனைவி மருந்துக்கடை வைத்திருக்கிறார். இந்த அம்மாளும் என் மனைவியும் சேர்ந்துதான் தினம் நடைப்பயிற்சி போவார்கள். பிசியோவின் முகம் அன்று தொங்கிப்போயிருந்தது.

"என்ன பிசியோ, லீவு விட்டாச்சு. முகத்துல களையே இல்லையே?"

"லீவுப் பேச்சை எடுக்காதீங்க டாக்டர். வீட்டுல எனக்கு ஒரு வேலை வச்சிருக்காங்க. என்ன வேலைன்னு மட்டும் கேக்காதீங்க, மானம் போயிடும்."

"எனக்கும்தான். நீங்களும் கேக்காதீங்க."

இரண்டு ஆண்பிள்ளைகளும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். பிறகு நான் பிரசுரத்தை நீட்டினேன். அவர் படித்தார். கண்கள் விரிந்தன.

"டாக்டர், இதுல பர்ன் அவுட்னு ஒண்ணு போட்டிருக்கே?"

"உழைச்சு உழைச்சு ஆள் ஓஞ்சுபோறது. அதுதான் நமக்கு."

"நமக்கு அது இருக்கா?"

"இல்லாட்டி என்ன? எனக்கு இருக்குன்னு நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இருக்குன்னு நான் சொல்றேன். ரெண்டு பேரும் படிச்சவங்கதானே!"

அன்று மாலையே நாடகம் அரங்கேறியது. பிசியோ டீ குடிக்க வந்தவர்போல வந்தார். "என்ன டாக்டர், கழுத்தை ஒரு மாதிரி வச்சிருக்கீங்க?" என்று சொல்லிக்கொண்டே என் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். கடக் என்று ஒரு சத்தம். நான் அலறிய அலறல் ஒத்திகையில் இல்லாதது.

"பாத்தீங்களா சிஸ்டர்! கல்லு மாதிரி இருக்கு. இது சுத்தமான பர்ன் அவுட். வீடு, வேலை ரெண்டையும் விட்டுட்டு இவர் ஒரு வாரம் எங்கயாவது போயே ஆகணும்."

என் மனைவி டீயை வைத்துவிட்டு என் நாடியைப் பிடித்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"வேற என்ன பண்ணுது உங்களுக்கு?"

"எதுலயும் ஒரு பிடிப்பு இல்லம்மா."

"கழுத்துல இருக்குன்னாரே?"

"அது வேற பிடிப்பு. இது மனசுல. எனக்குத் தேவை சுயபராமரிப்பு."

"சுயபராமரிப்புன்னா? உங்க சட்டையை நீங்களே துவைச்சுக்குவீங்களா?"

"அது சட்டைபராமரிப்பு. நான் சொல்றது வேற."

நிலைமை கைமீறுவதற்குள் நான் பிசியோவின் வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பார்த்து 'ச்சொ ச்சொ' என்றேன். "பல்லை நறநறன்னு கடிச்சே தேய்ச்சு வச்சிருக்காரு. எல்லாம் மன அழுத்தம். இவரும் எங்கயாவது போனாத்தான் பிழைப்பார்."

ஒரு மணி நேர விசாரணைக்கு நாங்கள் தயாராக இருந்தோம். என் மனைவி ஒரு நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவம்தான். ரெண்டு பேருமா சேர்ந்து போயிட்டு வாங்களேன்" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"பெயிண்ட்டு..." என்றேன், தப்புச் செய்துவிடக் கூடாதே என்று, மெல்லிய குரலில்.

"உடம்பை விடவா அது முக்கியம்? எங்க ஆஸ்பத்திரிக்கு ஏரிக்கரையில ஒரு ஓய்வில்லம் இருக்கு. நான் சொல்லி ஏற்பாடு பண்றேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாம போங்க."

அவள் உள்ளே போனதும் பிசியோ சத்தமில்லாமல் ஒரு ஆட்டம் போட்டார். நான் பெயிண்ட் என்று முணுமுணுத்தேனே, ஆனந்தத்தில் அவர் காதில் அது விழவே இல்லை. எங்கள் பெட்டிகளை எங்கள் மனைவிமார்களே அடுக்கினார்கள். பஸ் ஸ்டாண்டுவரை வந்து வழியனுப்பினார்கள். பஸ் கிளம்பும்போது இருவரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து என் மனது கரைந்துவிட்டது.

"அழறாங்க டாக்டர்" என்றார் பிசியோ தழுதழுத்து.

"தோள் குலுங்குது பாருங்க" என்றேன் நான்.

ஓய்வில்லம் அழகான இடம். முன்னால் ஏரி. பின்னால் மரங்கள். நடுவில் மேட்ரன்.

என் மனைவி நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு மேட்ரனாக இருந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு அவரிடமிருந்து தப்பித்து ஓடிவிட்டது என்று நினைக்கிறேன். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, நெஞ்சில் குத்திய கடிகாரம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அந்தப் பல்லு? இவர் யாரு, எலும்பா? போனை ரெண்டு பேரும் இந்த டப்பாவுல போடுங்க."

"மேடம், அவசரத்துக்கு..."

"ஓய்வுல என்ன அவசரம்?"

போட்டோம். அவர் டப்பாவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கள் படுக்கைகளை அவரே விரித்தார். ஆஸ்பத்திரி முறைப்படி நான்கு மூலையும் இறுக்கிச் செருகிய விரிப்பு. அதற்குள் நுழைந்த பிசியோ, ஒட்டிய கவருக்குள் போன கடிதம்போல் ஆகிவிட்டார். அவரை உருவி எடுப்பதற்கு நான் கட்டில் மேல் ஒரு காலை ஊன்ற வேண்டியிருந்தது. என் தொழில் அனுபவம் கைகொடுத்தது.

மறுநாள் விடியும் முன்னே விளக்கு எரிந்தது. என் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.

"எந்திரிங்க, எந்திரிங்க! ஓய்வெடுக்க நேரமாச்சு!"

ஏரியைச் சுற்றி வேக நடை. திரும்பி வந்ததும் உப்பில்லாத கஞ்சி. அப்புறம் மூச்சுப் பயிற்சி. பிசியோ ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியை அவரே தப்பாகச் செய்கிறார் என்று மேட்ரன் அவரைத் தனியாக நிற்க வைத்தார். ஏரியில் மீன் துள்ளுவதை நாங்கள் ஏக்கத்தோடு பார்த்தோம். மீன் பிடிக்கலாமா என்று கேட்டதற்கு, "அதுங்களாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். ஆனால் கஞ்சிக் கிண்ணங்களை நாங்களே கழுவி முடித்ததும், மேட்ரன் இரண்டு பெரிய டப்பாக்களைத் தூக்கி வந்து எங்கள் காலடியில் வைத்தார்.

"கைக்கு வேலை கொடுத்தாத்தான் மனசு ஓயும். வேலி பூரா அடிச்சு முடிங்க. உங்க ரெண்டு பேருக்கும் பெயிண்ட் அடிக்கிறதுன்னா உயிராமே? சிஸ்டர் சொன்னா."

வேலி ஏரியின் ஒரு கரையில் ஆரம்பித்து, என் கண்ணாடிக்குத் தெரிகிற தூரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பெயிண்ட் இளம்பச்சை.

மேட்ரன் உள்ளே போனதும் பிசியோ தொப்பென்று புல்லில் உட்கார்ந்தார்.

"டாக்டர், இனி மறைச்சு என்ன பண்ண? வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும்னு என் வீட்டுக்காரி சொன்னா. அதுக்குப் பயந்துதான் நான் ஓடி வந்தேன்."

"என்னது! உங்க வீட்டுலயுமா?"

"உங்க வீட்டுலயுமா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே லீவு. இரண்டு வீடு. ஒரே பெயிண்ட்.

"டாக்டர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுல பெயிண்ட் டப்பா எங்கயாவது பாத்தீங்களா?"

"இல்ல."

"பிரஷ்?"

"பல் தேய்க்கிற பிரஷ்தான் பாத்தேன்."

"அப்போ பெயிண்ட்டே கிடையாது டாக்டர்! பெயிண்ட்னு சொன்னா நாம ஓடுவோம்னு அவங்களுக்குத் தெரியும். ஓடிட்டோம். டிக்கெட் எடுத்து, பஸ் ஏறி ஓடிட்டோம்!"

கைக்குட்டையும் குலுங்கிய தோள்களும் என் மனக்கண்ணில் வந்தன. அது அழுகை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நம்மளைத் துரத்திட்டு அங்க என்ன பண்றாங்களோ?" என்றார் பிசியோ.

"போய்ப் பாத்துடுவோம்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மேட்ரனிடம் இதை எப்படிக் கேட்பது? வெயில் ஏறும்வரை வேலிக்கு வண்ணம் அடித்துக்கொண்டே யோசித்தோம். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில்தான் நான் அதைக் கவனித்தேன். மேட்ரன் வலது பக்கத்தாலேயே மென்றுகொண்டிருந்தார். இடது பக்கம் சூடு பட்டதும் கண்ணை ஒரு கணம் இறுக்கி மூடித் திறந்தார். இத்தனை வருடம் பார்த்த எனக்கு அது தெரியாதா?

"மேடம், இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லா?"

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"எவ்வளவு நாளா?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல."

"ஒரு தடவை வாயைத் திறங்க மேடம், பாத்துடலாம்."

அதுவரை என்னை 'டேய்' என்று மட்டும்தான் கூப்பிடாமல் இருந்த அந்த அம்மாள், நாற்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. எத்தனையோ வார்டுகளை நடுங்க வைத்தவருக்குப் பல் டாக்டர் என்றால் நடுக்கம்! எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பறக்கலாம்போலவும் இருந்தது.

கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, அவர் பிசியோவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒரு டீஸ்பூனின் காம்பை வைத்துப் பார்த்தேன். பல்லில் நல்ல குழி. காப்பாற்றிவிடலாம். பிசியோவின் கையைப் பற்றித்தான் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன் மேடம். ஆனா அதோட விடக் கூடாது. பரவாயில்ல, நாங்கதான் வாரம் பூரா இங்க இருக்கோமே. கிளினிக்ல இருந்து சாமான் வரவழைச்சுடறேன். தினம் காலையில முதல் வேலையா உங்களைப் பாத்துடறேன்."

மேட்ரன் இடுப்பிலிருந்து சாவியை உருவினார். பிறகு போய், போன் டப்பாவைத் திறந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லா குணமாயிட்டீங்க. காலையில முதல் பஸ்ல கிளம்பலாம்."

பிசியோ மேஜைக்கு அடியில் என் முட்டியைத் தட்டினார்.

மறுநாள் கேட்வரை வந்தார் மேட்ரன். லீவு முடிந்ததும் என் கிளினிக்குக்கு வருவதாக, என் கட்டாயத்தின் பேரில், ஒரு சத்தியமும் செய்தார். பஸ் தூரத்தில் வரும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, சிஸ்டரைத் திட்டாத. எனக்கு அவளை இத்தனை வருஷமாத் தெரியும். எதுவும் வேணும்னு கேட்டவ இல்ல. போன வாரம் போன்ல கூப்பிட்டா. வார்டு பூரா காய்ச்சல், பாதி நர்ஸுக்கும் காய்ச்சல், ரெண்டு பேர் வேலையை இவளே பாத்திருக்கா. 'மேடம், யாருமே என்னைக் கூப்பிடாத ஒரு வாரம் வேணும். அவரை உங்ககிட்ட வச்சுக்குவீங்களா'ன்னு கேட்டா. கேக்கும்போது குரல் உடைஞ்சு போச்சு."

பஸ்ஸில் பிசியோ வழி நெடுக என்னவோ பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தப் பிரசுரத்தை நான் எவ்வளவு உருக்கமாகப் படித்தேன்! 'மருத்துவத் துறையினரே' என்று அவர்கள் கூப்பிட்டது என்னை மட்டும்தான் என்றல்லவா நினைத்துவிட்டேன்!

கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. ஹாலில் சோபாவில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கால் தலையணைமேல். கணுக்காலில் ஷூ அழுத்திய கோடு, லீவு விட்டும் போகாமல் இருந்தது. அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் தூங்கிய பிறகு படுப்பாள். நான் எழுவதற்கு முன் போய்விடுவாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையில் அவள் காலருகே உட்கார்ந்தேன். தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கினேன். அடங்கவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "எந்த பெட்?"

"பெட் இல்லம்மா. நான்தான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. அகப்பட்டுக்கொண்ட குழந்தைபோல ஒரு சிரிப்பு.

"மேட்ரன் சொல்லிட்டாங்களா?"

"எல்லாம் சொல்லிட்டாங்க. எப்ப இருந்து தூங்குற?"

"உங்க பஸ் தெரு திரும்பினதுல இருந்து."

"வேற என்ன செஞ்ச?"

"ஒண்ணுமே செய்யல. அதுதாங்க சுகமா இருந்துச்சு. 'சட்டை எங்க, சாவி எங்க, கண்ணாடி எங்க'ன்னு யாரும் கேக்கல."

"கண்ணாடி அன்னிக்கு என் மூக்குலதான் இருந்துச்சு."

"அதையும் நான்தானே சொல்ல வேண்டியிருந்துச்சு!"

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே, தூங்கணும்னு?"

"சொன்னா 'தாராளமாத் தூங்கு'ன்னு சொல்லுவீங்க. அரைமணிக்கு ஒரு தடவை வந்து 'தூங்கிட்டியா'ன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன்.

எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். கழுவிக் கழுவிச் சொரசொரத்துப் போன கைகள். தொண்டையைச் செருமினேன். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு அழகாக நான் பேசியதில்லை.

"இத்தனை நாள் எல்லாரையும் நீ கவனிச்ச. இனிமே உன்னை நான் கவனிக்கிறேன். இன்னும் லீவு பாக்கி இருக்கு. சமையல், துவையல், பெருக்கறது, எல்லாம் என் பொறுப்பு. அது மட்டுமில்ல. உன் நிம்மதிக்கு நான் என்ன செய்யணும்னு வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மறுபேச்சு பேச மாட்டேன்."

அவள் கண்கள் கலங்கின.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"சத்தியமா."

"நான் என்ன கேட்டாலும் செய்வீங்களா?"

"என்ன கேட்டாலும்!"

என் கன்னத்தை ஆசையாகத் தடவிக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்:

"நாலு மணிக்கு அங்க திரும்பிப் போற பஸ் ஒண்ணு இருக்குங்க."